இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிய பைக்

இறக்கம் வந்தால் பைக் இன்ஜினை அணைத்துவிட்டு உருளவிடுவது எங்கள் மலையில் பலருக்குப் பழக்கம். பெட்ரோல் மிச்சமாம். மகனைப் பின்னால் வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

போன மழைக்காலத்தில், பதினாறு வயதான அவன் எனக்குத் தெரியாமல் பைக்கை எடுத்தான். பக்கத்து வீட்டுப் பையன் ஜெபாவையும் ஏற்றிக்கொண்டு, கவுஞ்சி இறக்கத்தில் இன்ஜினை அணைத்தான். வேகத்தை இழுத்துப் பிடிக்க இன்ஜின் இல்லாததால், பிரேக் சூடேறிப் பிடிக்கவில்லை. கேரட் தோட்டத்துக்குள் பாய்ந்தார்கள். மகனுக்குச் சிராய்ப்புதான். பள்ளியில் கால்பந்து ஆடும் ஜெபாவுக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது.

"ஏலே, அறிவிருக்கா?" என்று கை ஓங்கினேன்.

"நீங்களும் இப்படித்தானப்பா வருவீங்க," என்றான். அடிக்க முடியவில்லை.

ஜெபா இன்னும் நொண்டுகிறான். அவன் அம்மா என்னிடம் பேசுவதில்லை. பேசாதது நியாயம்தான்.

இப்போது இறக்கத்தில் இன்ஜினை ஓடவிட்டு, இரண்டாவது கியரில்தான் வருகிறேன். அணைத்துவிட்டு வருகிறவனைக் கண்டால் மறித்துத் திட்டுகிறேன்.

"பெட்ரோல் என்ன வெல தெரியுமாண்ணே?" என்பான்.

"முழங்கால் என்ன வெலன்னு நீ சொல்லுலே," என்பேன்.