அமீனா இல்லாத கோர்ட்டு

முப்பது வருடம் கோர்ட்டு உத்தரவுகளைக் கொண்டுபோய் நிறைவேற்றிவைத்த அமீனா துரைக்கண்ணு அவர்களைப் பற்றி எழுத, என்னைவிட நன்றாகப் பழகியவர்கள் இருக்கிறீர்கள். முன்சீப் கோர்ட்டில் மூன்று வருடமாக டைப் அடிப்பவள் நான். நாலு பேர் முன்னால் பேச வராது, அதனால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை டைப் மிஷினின் உறையை எடுக்கும்போதே பெஞ்ச் கிளார்க் வந்து, "நம்ம அமீனா போயிட்டாரும்மா" என்றார். கீழ்பென்னாத்தூருக்கு அன்று அவர் கொண்டுபோக வேண்டிய உத்தரவு என் மேசையில் இருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் என்னை "பி.ஏ. அம்மா" என்பார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், நாடுகளுக்குள் வழக்குத் தீர்க்கும் உலகக் கோர்ட்டைப் பற்றிப் பேப்பரில் வந்ததை வாசித்தேன்.

"அந்தக் கோர்ட்டுக்கு அமீனா யாருங்க?" என்றார்.

"கிடையாதுங்க. தோத்த நாடு கேக்கலைன்னா பாதுகாப்புச் சபைக்குப் போகலாம். அங்க அஞ்சு பெரிய நாட்டுல ஒண்ணு வேணாம்னாலும் அதோட சரி, தோத்ததே அந்த அஞ்சுல ஒண்ணா இருந்தாலும்."

"அடேங்கப்பா! பிரதிவாதி கையிலயே பூட்டும் சாவியுமா?"

எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. ரங்கூனிலிருந்து அவர் தங்கை கன்னியம்மாள் பிள்ளைகளோடு கப்பலில் திரும்பிவிட்டார். அவர்கள் கடையை எடுத்துக்கொண்ட அந்த நாட்டு அரசு, கணவரை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டது.

"உலகக் கோர்ட்டுல என் தங்கச்சி பிராது குடுக்கலாமா?"

"தனி ஆளு முடியாதுங்க. நாட்டு மேல நாடுதான் போடலாம். அதுக்கும் ரெண்டு பேரும் ஒத்துக்கணும்."

"முப்பது வருஷத்துல எந்தப் பிரதிவாதியும் ஒத்துக்கிட்டு எனக்குக் கதவு தொறந்ததில்லம்மா."

அடி அண்ணாமலையில் ஒரு பெரிய மனிதர், கிணற்றுப் பாதையை அடைத்த வேலியை எடுக்கச் சொன்ன தீர்ப்பை வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டாராம். இவர் கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள், மலை சுற்ற வழியெல்லாம் ஜனம் நடக்கும்போது போய், தண்டோரா போட்டுத் தீர்ப்பை மூன்று தரம் வாசித்தார். பொழுது சாய்வதற்குள் வேலி போய்விட்டது.

அதே மாதிரிதான் தங்கைக்கும் செய்தார். தங்கை கணவரை மீட்டுத் தரச் சொல்லி, மாதம் ஒரு மனு டெல்லிக்கு நான் டைப் அடிப்பேன். அனுப்புமுன் அதன் தமிழ்ப் படியைக் கோர்ட்டுப் புளியமரத்தடியில் மூன்று தரம் உரக்க வாசிப்பார். "காதுல விழுந்தவன் நாளைக்கு எனக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூடாது." பதினோரு மனுக்களுக்கும் 'கிடைத்தது' என்ற பதில்தான் வந்தது. பன்னிரண்டாவதை டைப் அடிக்கும்போதும் அவர் குரலில் சலிப்பு இல்லை.

அந்தக் கார்பன் நகல்கள் என்னிடம் இருக்கின்றன. அவர் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆகவே கூச்சப்பட்டுத் தள்ளிவைத்ததைக் கேட்டுவிடுகிறேன். பதின்மூன்றாவது மனு தயார். வெள்ளிக்கிழமை கோர்ட்டு கலைந்ததும் மரத்தடியில் நான் வாசிப்பேன். கன்னியம்மாளின் கைநாட்டுக்குக் கீழே உங்கள் கையெழுத்தும் வேண்டும். என் குரல் எட்டாது. கிட்ட வந்து நில்லுங்கள்.