ஒரே போனில் மூன்று காது

எழுபதுகளின் கடைசியில்தான் திருமங்கலத்தில் எங்கள் பருத்திக் கடைக்கு டெலிபோன் வந்தது. அப்போது போன் கிடைப்பது குதிரைக் கொம்பு. வந்த வாரமே அண்ணன் அதிலிருந்து ஒரு வயரை இழுத்து, எங்கள் பருத்தியில் கொட்டை நீக்கிக் கொடுக்கும் பின்தெரு ஜின்னிங் பேக்டரிக்காரருக்கும் ஒரு போன் வைத்துக் கொடுத்தார். மணி அடித்தால் இரண்டு இடத்திலும் அடிக்கும். யார் எடுத்தாலும் பேசலாம். "கூட்டாளிகிட்ட என்னடா ஒளிவு மறைவு?" என்றார். ஊரில் எல்லாரையும் நம்புவதில் அவருக்கு ஒரு பெருமை. எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

அந்த வருடம் வெள்ளாமை வீடு வந்ததிலிருந்தே எதுவோ சரியில்லை. கோயம்புத்தூர் மில்லிலிருந்து போனில் விலை சொல்வார்கள். மறுநாள் காலையில் நாங்கள் கிராமத்துக்குக் கொள்முதலுக்குப் போவதற்குள் வேறு வண்டி வந்து பருத்தியை ஏற்றிப் போயிருக்கும். போன ஊரிலெல்லாம் இதே கதை. கடையே அந்த ஒரு மில்லை நம்பித்தான் ஓடியது.

ஒருநாள் மில் மேனேஜர், மொத்த ஆர்டரை நாளைக்கு உறுதி செய்வதாக என்னிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவே போனுக்குள் ஒரு கண்டக்டர் கூவினார். "மதுரை, மதுரை, ஏறு!" எங்கள் தெருவில் பஸ் வராது. பேக்டரிக்காரர் எடுத்தால் மிஷின் இரைச்சல்தான் கேட்கும். அப்படியென்றால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எவனோ ஒட்டுக் கேட்கிறான்.

பேக்டரிக்கு ஓடினேன். அவர் ஒளிக்கவே இல்லை.

"பஸ் ஸ்டாண்டுல மச்சினன் கடை போட்டுருக்கான்ல, லைன்மேனைப் பிடிச்சு அவனுக்கும் ஒரு வயர் இழுத்துக் குடுத்தேன் மாப்ள. நம்ம பயதான, வேத்தாளா?" என்று சிரித்தார்.

அந்த மச்சினனும் பருத்தி வியாபாரிதான்.

கடைக்குத் திரும்பி, வயரை அப்போதே அறுக்கச் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. "மூஞ்சிய முறிச்ச மாதிரி ஆயிரும்டா. பதமாச் சொல்லிக்கிருவோம்." மறுநாளும் வயர் அப்படியே இருந்தது. வழக்கம்போல மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம்.

சாயங்காலம் வரை மில்லிலிருந்து போன் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் அண்ணன் கோயம்புத்தூருக்கு ட்ரங்க் கால் போட்டார். நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டேன்.

"மத்தியானமே கூப்பிட்டேனுங்களே. இந்த வருஷம் பஞ்சு தர முடியாதுன்னு சொல்லிட்டீங்க. ஆர்டரை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சுங்க" என்றார் மேனேஜர்.

"எங்க கடையில யாரு சொன்னா?"

"உங்க தம்பிதானுங்க பேசுனாரு."

ஊரையே நம்பிய அண்ணன், மெல்லத் திரும்பி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.