ஒரு சொட்டும் தரையில் விழாத பள்ளிக்கூடம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பழைய இரும்பை எடைக்கு வாங்கித் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றியவன். இன்றைக்கு என் கிடங்கு வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஊர்ப் பள்ளிக்கூடங்களை எல்லாம் நிர்வகிக்கிற பள்ளி வாரியத்தில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த நாற்காலி. பட்டம் வாங்கியவர்கள் இரண்டு பேர் என்னிடம் தோற்றுப் போனார்கள். நான் எழுதப்போவது என் தங்கை புருஷனைப் பற்றி. இவனுக்கு எழுத என்ன தகுதி என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் மாப்பிள்ளை வடக்குப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர். காலையில் கேட்டைத் திறப்பது, பெருக்குவது, சொட்டுகிற குழாய்க்கு வாஷர் போடுவது, ஆடுகிற பெஞ்சுக்கு ஆணி அடிப்பது, சாயங்காலம் எல்லா அறையையும் பூட்டுவது எல்லாம் அவர் வேலை. சின்ன வயதில் சேர்ந்தவர், தலை நரைக்கும் வரை வேறு இடம் பார்க்கவில்லை. என் கிடங்குக்கு வாங்க, மேஸ்திரியாக வைத்துக்கொள்கிறேன் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். சிரிப்பார். "உங்க கிட்ட வேலை பார்த்தா அப்புறம் உங்கள மச்சான்னு கூப்பிட முடியுமா? முதலாளின்னுல்ல கூப்பிடணும்" என்பார்.

ஊரில் அவருக்கு டப்பா என்று பெயர். அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல்தளம் பழசு. மழை வந்தால் மாடி அறைகள் முழுக்க ஒழுகும். எந்த இடத்தில் ஒழுகும், பெரிய மழைக்கு எங்கே, சாரலுக்கு எங்கே என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு டப்பா வைப்பார். காலியான பெயின்ட் டப்பாக்கள். அவை என் கிடங்கிலிருந்து போனவை. ஒரு பைசா வாங்கியதில்லை நான். டப்பாவுக்குள் பழைய துணியைப் போட்டு வைப்பார், சொட்டுகிற சத்தம் பிள்ளைகளின் காதில் விழக் கூடாதாம். நிரம்ப நிரம்பக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். வகுப்பு அதுபாட்டுக்கு நடக்கும்.

மழை தூற ஆரம்பித்தால் மனிதர் எங்கே இருந்தாலும் எழுந்து போய்விடுவார். நான் புது வீடு கட்டி முதல் விருந்து வைத்த அன்று, பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். இத்தனை பெரிய வீட்டைக் கட்டியவன் நான் நிற்கிறேன், வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். "மாப்ளே, உட்காருங்க, இலையில அப்படியே இருக்கு" என்றேன். "நூலகத்துக்கு மேல ஒழுகும் மச்சான்" என்று செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். அவருடைய மகள் பிறந்த அன்றும் ஆஸ்பத்திரியில் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். என் தங்கை படுத்துக்கொண்டே சொன்னாள்: "விடுங்கண்ணே. அவரு அந்தக் கட்டடத்தைத்தான் கட்டிக்கிட்டாரு. நான் சும்மா கூட வந்தவ."

இப்போது வாரியத்து விஷயத்துக்கு வருகிறேன். வாரியத்தில் பணம் இரண்டு பையில் இருக்கும். ஒரு பை சம்பளம், மின்சாரம், சாக்பீஸ் என்று ஒவ்வொரு வருஷமும் காலியாகிற பை. இன்னொன்று கட்டடப் பை. அதில் வருஷக்கணக்காக ஒன்றுமே இல்லை. வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்டி, அதை வைத்து அடைக்கிற மாதிரி பெரிய கடனாக வாங்கி எல்லாப் பள்ளிகளையும் செப்பனிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு ஊரே ஓட்டுப் போட வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பேசியவன் நான். வரி கூடுமே என்று கதவைச் சாத்தியவர்களிடம் ஜன்னல் வழியாகப் பேசினேன். கடன் ஓட்டில் ஜெயித்தது. வாரியத் தலைவரே என் கையைப் பிடித்து, "நீங்க இல்லன்னா நடந்திருக்காது" என்றார். பத்துப் பேருக்கு முன்னால் சொன்னார்.

கடன் வந்தாலும் எல்லாப் பள்ளிக்கும் போதாது. ஆகவே ஒரு முறை வைத்தார்கள். என்ஜினியர் ஒவ்வொரு பள்ளியையும் பார்த்து மதிப்பெண் போடுவார். எது மிக மோசமாக இருக்கிறதோ அதற்கு முதலில் பணம். நன்றாக இருப்பதற்குக் கிடையாது. வடக்குப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இந்தச் சுற்றில் பணம் வாங்காவிட்டால் அடுத்த பழுது வந்ததும் அதை மூடிவிடுவார்கள் என்று வாரியத்தில் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரியும். நானே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"மாப்ளே, இருக்கறத இருக்கற மாதிரியே விட்டுடுங்க. துடைக்காதீங்க. அவங்க பார்க்கட்டும்."

"அதெப்படி மச்சான்? வெளியாள் வரும்போது அழுக்கோட நிக்கச் சொல்றீங்களா?"

"இந்தத் தடவ அழுக்குக்குத்தான் காசு."

"முன்னாடி இருந்தவர் வேலை எதுல போச்சு? அதிகாரி வந்தப்ப சுவத்துல ஒரு கறை. ஒரே ஒரு கறை. அத்தோட சீட்டு கிழிஞ்சுது."

"அது வேற, இது வேற."

"சரிங்க மச்சான்" என்றார்.

அவர் சரி என்றால் கேட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். ஆனால் முப்பது வருஷமாக அதிகாரி வருகிறார் என்றால் கழுவித் துடைத்த கை அது. அந்த வாரம் முழுக்க அவர் வீட்டுக்கு நேரத்துக்கு வரவில்லை என்று தங்கை பின்னால் சொன்னாள். கூரையின் உள்பக்கத்துக் கறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்தார். சுவரின் பெரிய வெடிப்பை மறைத்து உலகப் படத்தை மாட்டினார். உதிர்ந்த காரையைச் சுரண்டிப் பூசினார். டப்பாக்களைக் கழுவி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடினார்.

என்ஜினியரம்மா வந்தது நல்ல வெயில் காலத்தில். சின்ன வயது, கையில் டேப்லெட். மாடி அறைகளில் நடந்து பார்த்தார். தலைமையாசிரியை பக்கத்தில் பெருமையாக நின்றார்.

"கூரையில தண்ணி பிரச்சினை இருக்கா?" என்று என்ஜினியரம்மா கேட்டார்.

எங்கள் மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் இருக்கற வரைக்கும் தரையில ஒரு சொட்டு விழாதுங்க" என்றாராம்.

தெற்குப் பள்ளியின் பராமரிப்பாளர் வேறு ரகம். என்ஜினியர் வந்தபோது அவர் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். பாதிக் கூரை தொங்கிக்கொண்டிருந்ததை யாரும் எடுத்துப் போடக்கூட இல்லை. பட்டியல் வந்தபோது அந்தப் பள்ளிதான் முதலில் இருந்தது. வடக்குப் பள்ளி பட்டியலிலேயே இல்லை. பதிலாக, நன்றாகப் பராமரிக்கப்படும் பள்ளி என்று கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. தலைமையாசிரியை அதை வாசலில் மாட்டினார். ஆணி அடித்ததும் மாப்பிள்ளைதான்.

பட்டியலை வாரியம் ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒரு பொதுக்கூட்டம் உண்டு. ஆட்சேபணை இருந்தால் யாரும் எழுந்து சொல்லலாம். உறவுக்காரர் வேலை பார்க்கிற பள்ளி என்பதால் எனக்கு அந்தத் தீர்மானத்தில் வாய் திறக்கவோ கை தூக்கவோ உரிமை இல்லை. அந்தக் கடனைக் கொண்டுவந்தவன் நான், ஆனால் நான் பேசக் கூடாது. சட்டம் சட்டம்தான். அதனால் மாப்பிள்ளையிடம் போனேன்.

"நீங்கதான் வந்து சொல்லணும் மாப்ளே."

"என்னன்னு சொல்ல?"

"ஒழுகுதுன்னு."

"அந்தம்மா கேட்டப்ப அப்படிச் சொல்லலையே."

"இப்பச் சொல்லுங்க."

தங்கை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "போய்ச் சொல்லிட்டு வாங்க. வாயில என்ன டப்பாவா வெச்சிருக்கீங்க?"

வந்தார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்ததும் எழுந்து மைக்குக்கு முன்னால் நின்றார். மைக் அவர் உயரத்துக்கு இல்லை. அதைச் சரிசெய்யத் திருகைத் தேடிக்கொண்டிருந்தார், எங்கே போனாலும் பழுது பார்க்கிற புத்தி. பிறகு சொன்னார்:

"வடக்குப் பள்ளிக்கூடம் ஒழுகுதுங்க."

தலைவர் காகிதத்தைப் புரட்டினார். "ஒழுகலன்னு இருக்கே. நீங்கதானே கூட நின்னு காட்டினீங்க?"

"நான் மறைச்சிட்டேங்க."

பின்னாலிருந்து தெற்குப் பள்ளிப் பராமரிப்பாளர், "தூங்கியிருக்கலாம்ல டப்பா!" என்றார். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார்.

தலைவர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். "பெரியவரே, பணம் இவ்வளவுதான். உங்க பள்ளியச் சேர்த்தா வேற ஒண்ண எடுக்கணும். பட்டியல் சுவத்துல இருக்கு. நீங்களே பார்த்துச் சொல்லுங்க. எத அடிக்கலாம்?"

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். அந்தப் பள்ளிகள் எல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றில் கழிப்பறைக்குக் கதவே இல்லை. ஒன்றில் மாடிப்படிக் கைப்பிடி பெயர்ந்து ஒரு பெண் பிள்ளை விழுந்திருக்கிறாள். தெற்கில் கூரை தொங்குகிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதையாவது சொல்லய்யா என்று மனதுக்குள் கத்தினேன். வியாபாரத்தில் நான் அப்படி நின்றதில்லை. கேட்ட மறுநொடி ஒன்றைக் காட்டியிருப்பேன்.

"எதையும் அடிக்க வேணாங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

தீர்மானம் நிறைவேறியது. மற்ற எல்லாரும் கை தூக்கினார்கள். நான் என் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சம்பளப் பையிலிருந்து ஏதோ மிச்சம் பிடித்து மேல்தளத்துக்கு ஒரு தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த வருஷ மழையில் நூலகத்தின் கூரை விழுந்தது. விடுமுறை நாள். பிள்ளைகள் யாரும் இல்லை. மாப்பிள்ளை மட்டும் பக்கத்து அறையில் டப்பாவை மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது புத்தகங்களும் காரையும் கம்பியும் ஒன்றாகக் கிடந்தன. மேலே வானம் தெரிந்தது. அறை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். அதன் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் டப்பா இருந்தது. அதை எங்கே வைப்பது என்று பார்ப்பவர் மாதிரி இருந்தது. வைக்க இடமில்லை, எல்லா இடத்திலும்தான் பெய்துகொண்டிருந்தது.

"அடி கிடி பட்டுதா மாப்ளே?"

"இல்ல மச்சான்."

"வாங்க, வெளிய போவோம்."

"தலைமையாசிரியைக்குப் போன் பண்ணிட்டேன். மூடிடுங்கன்னு சொல்லிட்டேன்."

"நீங்களா சொன்னீங்க?"

"வேற யாரு சொல்லுவா? நாளைக்கு அந்தப் பெஞ்சுல பிள்ளைங்க உட்காருமே."

கேட்டை அவரே பூட்டினார். சாவியை வாரியத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ரசீது கேட்டார். பாராட்டுப் பத்திரம் இன்னும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிள்ளைகளை பஸ் வைத்துத் தெற்குப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளையையும் அங்கேயே மாற்றினார்கள். தெற்குப் பள்ளி இப்போது பளபளவென்று இருக்கிறது. புதுக் கூரை, புது ஜன்னல், கையை நீட்டினால் தண்ணீர் வரும் குழாய். அது என் கடன், நான் கொண்டுவந்த கடன். திறப்பு விழாவில் எனக்கு முன் வரிசையில் இடம் போட்டார்கள். மாப்பிள்ளை அன்றைக்கு நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பட்டனை அமுக்கற வேலை மச்சான்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்."

அடுத்த நாற்காலியைத் துடைக்கப் போய்விட்டார். வடக்குப் பள்ளியின் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது இரும்பெல்லாம் வேறு ஒருவர் எடுத்தார். வாரியத்தில் இருப்பதால் நான் கேட்கக் கூடாது. டப்பாக்களை யாரும் எடுக்கவில்லை. பிளாஸ்டிக்கும் துருப்பிடித்த தகரமும், எடைக்கு ஒன்றும் தேறாது. என் கிடங்குப் பையன்கள் வண்டியில் போட்டுக் கொண்டுவந்து மூலையில் வைத்தார்கள். அங்கேயே கிடக்கின்றன. அந்த மூலையில் வேறு சரக்குப் போட நான் இன்னும் சொல்லவில்லை.

போன மாதம் தங்கை குடும்பத்தை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். கிடங்கை விரிவாக்கப் போவதைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன், தலையாட்டிக்கொண்டிருந்தார். சாப்பாடு பாதியில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, பெருமழை. ஜன்னலில் அடித்த சத்தத்தில் நான் பேச்சை நிறுத்தினேன். என் தங்கை கை கழுவாமல் எழுந்து போய் அவருடைய செருப்பை வாசலில் திருப்பி வைத்தாள். குடையை எடுத்து விரித்துக்கூடப் பார்த்தாள். முப்பது வருஷப் பழக்கம்.

மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க?" என்றாள்.

"என்ன?"

"மழை."

நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். என் வீட்டுக் கூரை ஒழுகாது. முதல் தரச் சிமெண்ட், நானே பக்கத்தில் நின்று போட்ட தளம். அவர் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா, மழைதான். உக்காந்து சாப்பிடு" என்றார்.

அவள் குடையை மடக்கினாள். நான் விட்ட இடத்திலிருந்து கிடங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். எந்த இடத்தில் விட்டேன் என்று ஞாபகம் வரவில்லை. மாப்பிள்ளை இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அவர் என் வீட்டில் முழுச் சாப்பாடு சாப்பிட்ட முதல் மழை அது.