டோரதியின் முன்பல்

முறுக்கு பதமாக வெந்துவிட்டதா என்பதை டோரதி காதால்தான் தெரிந்துகொள்வார். எண்ணெயிலிருந்து எடுத்ததில் ஒன்றை ஆறவிட்டு, இடது காதருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒடிப்பார். சத்தம் பிடித்தால் தலையாட்டுவார். பிடிக்காவிட்டால் முதலில் மாவைத் திட்டுவார், பிறகு அடுப்பை, பிறகு அந்தப் பக்கம் போகிற யாரையாவது. "மொறுமொறுன்னு இல்லன்னா அது முறுக்கா? நம்ம கஸ்டமருங்கல்லாம் என்ன பல்லு போனவங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். அப்போதுதான் மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லாதது தெரியும்.

பெங்களூர் நீலசந்திராவில், இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டிய சந்தில், டோரதியின் ஒற்றை அறை வீடு. பேக்கரிகளுக்கு முறுக்கு, கிறிஸ்துமஸ் வந்தால் கல்கல் என்ற இனிப்பு. பக்கத்து வீடு சங்கமித்ராவுடையது. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்த குடும்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆசீர்வாதம் கேட்கும்.

அந்தப் பல்லை உடைத்தவள் இந்த சங்கமித்ராதான். போர்வெல்லெல்லாம் வற்றிப்போன கோடை அது. டேங்கர் தண்ணீருக்கு வரிசையில் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். குடம் இல்லாத இடத்தில் ஒரு செங்கல்லோ பழைய செருப்போ நிற்கும். யாரும் அதைத் தொடக் கூடாது என்பது சந்தின் சட்டம். டோரதி ஒரு குடமும் நான்கு செங்கல்லும் வைத்திருந்தார். பதினெட்டு வயது சங்கமித்ரா ஒரு செங்கல்லைக் காலால் நகர்த்தினாள். டோரதியின் வாயிலிருந்து தங்கவயல்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. நினைவு வந்தால் டோரதியே சிலுவை போட்டுக்கொள்கிறார். மறு நொடி சங்கமித்ராவின் எவர்சில்வர் குடம் சுழன்றது.

ரத்தம் வழிய நேரே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்துதான் டோரதி வாய் கொப்பளித்தார். கேஸ் கோர்ட்டுக்குப் போனது. இரண்டு வீடும் பேச்சை நிறுத்தின.

ஆனால் காதை நிறுத்த முடியுமா? விடியற்காலையில் டோரதி மாவு பிசையும்போது, சங்கமித்ரா ஷூ மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்பும் சத்தம் கேட்கும். மழையில் ஓடினாள், காய்ச்சல் விட்ட மறுநாளும் ஓடினாள். "ஓடட்டும், ஓடட்டும், கொழுப்பு கரையட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்த டோரதி, ஷூ சத்தம் கேட்காத ஒரு நாள் மாவில் உப்புப் போட மறந்தார்.

அன்று மத்தியானம் சுவருக்கு அப்பால் அழுகை. டோரதி பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை சுவரோடு பேசினார்.

"ஏய் சங்கு, எதுக்குடி அழுவுற?"

சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. "ஆர்மில லேடீஸ் போலீஸ் எடுக்கறாங்க ஆன்ட்டி. அதுக்குத்தான் ஓடினேன். கேஸு நடக்கறவங்கள எடுக்க மாட்டாங்களாம். உங்க கேஸு."

டோரதி அடுப்பை அணைத்துவிட்டு, மாதா கோவிலுக்கு வரும் வக்கீல் ஹெர்பர்ட்டைத் தேடிப் போனார். "நான் குடுத்த கேஸு, நானே வாபஸ் வாங்கறேன். அஷ்டே." எந்தப் பேச்சையும் இந்தக் கன்னட 'அவ்வளவுதான்'-இல் முடிப்பது அவர் வழக்கம். ஹெர்பர்ட் பொறுமையாக விளக்கினார். "வெறும் அடின்னா பரவால்ல ஆன்ட்டி. பல்லு போச்சுன்னா சட்டத்துல அது கொடுங்காயம். சமாதானமாப் போக ஜட்ஜு பர்மிஷன் குடுக்கணும்."

இதில் டோரதியின் காதில் விழுந்தது, பல் போனதுதான் பிரச்சினை என்பது மட்டும். மறுநாளே பக்கத்து அடுகோடி ஏரியாவில் ஒரு பல் டாக்டரிடம் போய், கழற்றி மாட்டுகிற பல் ஒன்று செய்துகொண்டார். "இதால கடினமா எதையும் கடிக்காதீங்க" என்றார் டாக்டர். "கடிக்கறதுக்கா கட்டறேன்?" என்றார் டோரதி.

ஹெர்பர்ட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. கோர்ட்டில், சமாதானத்துக்குச் சம்மதமா என்று நீதிபதி கேட்டதும், முகத்தை நிமிர்த்தி வாயை அகலத் திறந்தார்.

"நோடி ஸ்வாமி, நல்லா பாருங்க, பல்லு இருக்கு. ஒண்ணுமே ஆகல."

நீதிபதியின் புருவம் ஏறியது. அப்படியானால் கொடுத்த புகார் பொய்யா? பொய்ப் புகார் கொடுத்தால் என்ன தண்டனை தெரியுமா? ஹெர்பர்ட் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். உதவிக்கு வந்து உள்ளே போய்விடுவோமோ என்று டோரதிக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொய் இல்ல சார்" என்றாள் சங்கமித்ரா, கூண்டுக்குள்ளிருந்து. "நான்தான் அடிச்சேன். பல்லு நிஜமாவே போச்சு. எனக்காக இப்பக் கட்டிக்கினு வந்திருக்காங்க. ஆன்ட்டிய விட்டுடுங்க, என்னை என்ன வேணா பண்ணுங்க."

டோரதி பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நீதிபதி ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு சமாதானத்துக்கு அனுமதி கொடுத்தார்.

கேஸ் முடிந்தாலும் கறை போகவில்லை. ஓட்டத்திலும் பரீட்சையிலும் தேறிவிட்ட சங்கமித்ரா, தன்மேல் ஒரு கேஸ் இருந்ததை ஆர்மிக்காரர்களிடம் மறைக்காமல் சொல்லியிருந்தாள். அடுத்து போலீஸ் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிக்கும். அவர்கள் எழுதுவதைப் பொறுத்துத்தான் எல்லாம். "நிஜத்தையே சொல்லுங்க ஆன்ட்டி" என்று சொல்லி வைத்திருந்தாள். "சரிடி" என்றார் டோரதி. ஆனாலும் பல் தயாராக ஒரு டம்ளர் தண்ணீரில் கிடக்கும். சந்தில் பைக் சத்தம் கேட்டால் கையைத் துடைத்து அதை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். கூரியர்காரர், கேபிள்காரர், வழி தவறி வந்தவர் என எல்லோருக்கும் அந்த முழுச் சிரிப்பு கிடைத்துவிட்டது.

போன வாரம் வந்தது நிஜமான கான்ஸ்டபிள். இந்தப் பகுதியிலேயே வேலை பார்த்துத் தமிழ் பழகியவர்.

"உங்க பல்ல உடைச்சது அந்தப் பொண்ணுதானே?"

சுவருக்கு அப்பால் சின்னச் சத்தம்கூட இல்லை.

"ஆமா சார், அவதான். ஆனா மொதல்ல தப்பு என் வாயிலதான். பாயிண்டு என்னன்னா, கோர்ட்டுல அவ வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் மாட்டியிருப்பேன். தனக்கு வேல போனாலும் போகுதுன்னு நிஜத்தைச் சொன்னா. அந்த மாதிரி புள்ள மிலிட்டரிக்கு வேணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க. அஷ்டே."

கான்ஸ்டபிள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போ பல்லு பரவால்லயா?"

டோரதி தட்டிலிருந்து முறுக்கு ஒன்றை எடுத்தார். வழக்கம்போல் காதருகே கொண்டுபோகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி, புதுப் பல்லால் கடக்கென்று கடித்தார்.