பட்சத்தில் எள்ளுருண்டை

என் மகளுக்கு ரத்தம் கம்மி. பத்து வயதில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, மீதியைச் சாப்பாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இவளோ கீரையைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு சிப்ஸ் பாக்கெட்டுக்கு அழுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பிறந்த நாளுக்கு இனி சாக்லேட் வேண்டாம், சத்தான பண்டம் கொடுங்கள் என்றார் வகுப்பு மிஸ். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் எள்ளும் வெல்லமும் இருந்தன. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற புத்தி எனக்கு. கார்மென்ட்ஸில் சூப்பர்வைசருக்குப் பயந்தே காலம் தள்ளியவளுக்கு வேறெது வரும்?

ஹனூர் பக்கம் எங்கள் ஊரில் எள்ளைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், உறவு அறுந்துவிடும் என்பார்கள். நாங்கள் பிழைக்க வந்த மைசூரில் தலைகீழ். சங்கராந்திக்கு வீடு வீடாக எள்ளும் வெல்லமும் கொடுத்து, "எள்ளு பெல்ல தின்னு, ஒள்ளே மாத்தாடு" என்பார்கள். தின்றுவிட்டு நல்லதே பேசவேண்டுமாம். வந்த இடத்தில் இவர்களைப் போலவே இருந்துவிட்டால் வம்பில்லை என்று, செப்டம்பரில் வந்த மகளின் பிறந்த நாளுக்கு வகுப்பு முழுவதற்கும் எள்ளுருண்டை பிடித்தேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்தாள். அவள் பிடித்ததில் பாதி அவள் வாய்க்கே போனது. பிள்ளை ஆசையாகத் தின்கிறாளே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறந்த நாள் சாயங்காலம் காலி டப்பாவோடு வந்தாள்.

"எல்லாருக்கும் புடிச்சிருந்துச்சா சாமி?"

"மிஸ் எல்லார்கிட்டயும் திரும்பி வாங்கி டஸ்ட்பின்ல போட்டுட்டாங்கம்மா. அப்புறம் ஆயாவ அனுப்பி சாக்லேட் வாங்கிட்டு வந்து குடுத்தாங்க. யாரும் என்கூட மாத்தாடவே இல்ல."

மறுநாள் காலையில் போய்க் கேட்டேன். மிஸ் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: இது மஹாளய பட்சம், செத்தவர்களுக்கு எள் இறைக்கிற நாட்கள், இந்தச் சமயத்தில் யாராவது பிள்ளைகள் கையில் எள் கொடுப்பார்களா? பெற்றோர் வந்து சண்டை போட்டால் யார் பதில் சொல்வது?

எங்கள் வீட்டில் அமாவாசையன்று கும்பிடுவதோடு சரி, பட்சமெல்லாம் பார்த்ததில்லை. எனக்குத் தெரியவில்லைதான். அதற்காக, பிறந்த நாள் கொண்டாட வந்த குழந்தையின் கண் முன்னாலா குப்பையில் கொட்டுவது? டப்பாவை மூடி அப்படியே திருப்பி அனுப்பியிருந்தால் ஆகாதா? பிள்ளை அங்கே படிக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அதோடு எள் நின்றது. எள் மட்டுமா, நான் செய்த எதையும் பள்ளிக்கூடத்தில் திறக்கவே கூச்சப்பட்டாள். மதியச் சாப்பாடு கொடுத்தனுப்பியபடியே திரும்பி வந்தது. அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மறுபடி ரத்தம் சோதித்தபோது முன்னைவிட இறங்கியிருந்தது.

சங்கராந்தி கழிந்து மறுபடியும் பெற்றோர் கூட்டம். மிஸ் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளை ரொம்ப வெளுத்துவிட்டாளே, வீட்டில் எள்ளும் வெல்லமும் கொடுத்துப் பழக்குங்கள் என்றார்.

"பட்சம் முடிஞ்சிருச்சுங்களா மிஸ்?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. போதும்மா என்பதுபோல என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.