சூட்டை வலது காலிடம் கேட்கச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை வேங்கிக்கால் நில அளவை அலுவலகத்தில் புலப்படம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, அண்ணன் தம்பி இருவரின் வரப்புச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பிசியோதெரபி மேடத்தின் தம்பி அன்வர் பாயிடமிருந்து போன் வந்தது. "அக்கா போயிட்டாங்க சார். காலையில டீ போட்டுக்கினு இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறோம்" என்றார். நான் கண்ணாடியைக் கழற்றியதைப் பார்த்து அண்ணன் தம்பி இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மூத்தவருக்குத் தோள்பட்டை இறுகிப் போனபோது சரிசெய்தவரும் மேடம்தானாம். அன்று சண்டை அதோடு நின்றது.

செங்கம் சாலைச் சந்தில் பிசியோதெரபி நிலையம் வைத்திருந்த மெஹருன்னிசாவை, நம் மெஹர் மேடத்தை, உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் திட்டு வாங்காத கால் இந்த ஊரில் குறைவு. தியானத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களையும் விட்டுவைத்ததில்லை. "மனசை நிறுத்தணும்னு உக்கார்றாங்க, முட்டிதான் நின்னு போவுது" என்பார். ஆனால் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே ஓடும் நரம்புப் பாதைகளைப் பற்றி அவர் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? எதிரே இருப்பவருக்கும் டீ ஆறிப்போகும். அந்தப் பேச்சின் சந்தோஷத்தைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் என் முதுகுக்குள், தண்டுவடத்தின் வலது ஓரத்தில் ஒரு கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை, சென்னையில் எடுத்துவிட்டார்கள். அதற்குள் அது அழுத்தியது அழுத்தியதுதான். என் வலது கால் மணல் மூட்டையாகிவிட்டது. நான் சர்வேயர். வரப்பில் நடக்க முடியாத சர்வேயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அலுவலகத்தில் இரக்கப்பட்டு நாற்காலி வேலை கொடுத்தார்கள். எனக்கு அது வேண்டாம். திரும்பவும் நிலத்தில் இறங்கி நடக்க வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும். நடந்துவிட்டால் மலை சுற்றுகிறேன் என்று அண்ணாமலையாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் நாளே எனக்கும் மேடத்துக்கும் சண்டை. கண்ணை மூடச் சொல்லி, வலது கால் கட்டைவிரலைப் பிடித்து, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்டார். மேலே என்றேன். கண்ணைத் திறந்தால் கீழே இருந்தது. நான் திறப்பதற்குள் மாற்றிவிட்டீர்கள் என்று கோபித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஊர்ல இருக்கற நிலத்துக்கெல்லாம் எல்லை சொல்றீங்க, உங்க வெரல் எங்க இருக்குதுன்னு தெரியலையே சார்" என்றார். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் இழைகளும் அடிபட்டிருக்கின்றன, அதனால் இனிமேல் காலைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்று அப்புறம் விளக்கினார். அப்படித்தான் பழக்கினார். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. கைத்தடியும் போய், பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டையோடு ஒரு ஷூ வந்தது.

எட்டாவது மாதம் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பௌர்ணமிக் கூட்டத்தில் இடிபட வேண்டாம் என்று ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை காலை, அவரிடம் சொல்லாமலே மலை சுற்றக் கிளம்பினேன். செருப்போடு சுற்ற மனசு ஒப்பவில்லை. வலது காலுக்குப் பட்டை வேண்டும், சாமி மன்னிப்பார் என்று அதற்கு மட்டும் ஷூ போட்டுக்கொண்டு, இடது காலை வெறுங்காலாக விட்டேன். நல்ல கால்தானே, தரையின் பொடிக்கல் வரைக்கும் அதற்குத் தெரிந்தது. அடி அண்ணாமலை தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கூட நடந்தவர்கள் சூடு தாங்காமல் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தேடித் தேடி ஓடினார்கள். நான் மட்டும் தார் ரோட்டின் நடுவே மகாராஜா மாதிரி நடந்தேன். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் கால் கழுவும்போது என் மனைவிதான் பார்த்தாள். இடது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். துளி வலி இல்லை.

மறுநாள் மேடம் அந்தக் காலைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய திட்டு வரும் என்று காத்திருந்தேன். "தப்பு என்னுது சார்" என்றார். "அந்தக் கால்ல சூடு தெரியாதுன்னு மொத நாளே பார்த்து நோட்ல எழுதி வெச்சிருக்கேன். உங்ககிட்ட புரியற மாதிரி சொல்லல. இந்த ஊர்லயே பொறந்தவ நான். வெறுங்கால்ல மலை சுத்துவீங்கன்னு எனக்குத் தெரியாதா?" அதன் பிறகு எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். அப்படிச் சொன்ன ஒருவரை நான் பார்க்கவில்லை.

நான் மண்டையைச் சொறிந்தேன். கட்டி வலது பக்கம், விளங்காத காலும் வலது கால், அப்புறம் இடது காலில் எப்படிச் சூடு தெரியாமல் போகும்? அவ்வளவுதான், அவர் முகம் மாறிவிட்டது. என் பையிலிருந்த பழைய புலப்படத்தைப் பிடுங்கித் திருப்பி, பேனாவால் வரைய ஆரம்பித்தார். நடக்கச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து இறங்கும்போது, கழுத்துக்கு மேலே முகுளத்திலேயே பக்கம் மாறிவிடுகிறது. அதற்கப்புறம் நேரே இறங்குகிறது. கால் இருக்கும் இடத்தைச் சொல்லும் சேதியும் அதே பக்கமாக ஏறி, அங்கே போய்த்தான் மாறுகிறது. ஆனால் சூடும் வலியும் அவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை. தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் எதிர்ப்பக்கம் தாவிவிடுகின்றன. "உங்க இடது காலோட சூடு வலது பக்கமாத்தான் சார் மேல போவுது. கட்டி உக்கார்ந்த எடத்துலயே." அதை இரண்டாம் தடவை சொல்லும்போது எழுந்தே நின்றுவிட்டார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஒரு விரல் பருமன்கூட இல்லாத தண்டில் இத்தனை பாதைகள், ஒவ்வொன்றுக்கும் குறுக்கே போக ஒரு இடம்! முப்பது வருஷம் நிலம் அளந்தவன், இப்படி ஒரு புலப்படத்தைப் பார்த்ததில்லை. ஷூவுக்குள் பத்திரமாக வைத்திருந்த வலது கால்தான் அன்று சூட்டுக்கு அலறியிருக்கும். நான் வாயில்லாத காலை ரோட்டில் விட்டிருக்கிறேன். இருவரும் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அன்றோடு சரி. புண் ஆறவில்லை என்றால் நான் ஊன்றி நிற்கும் ஒரே காலும் போய்விடும். அது அவருக்குத் தெரியும். ஐந்து வாரம் தினமும் வீட்டுக்கு வந்து புண்ணைப் பார்த்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆறியது. அதற்குப் பிறகு ஒரு பாடம் வைத்தார்: "சுடுதான்னு வலது காலைக் கேளுங்க. நிக்கணும்னா இடது காலைக் கேளுங்க. ரெண்டும் சேர்ந்து ஒரு முழு ஆளு." இன்றைக்கும் குளியலறையில் முதல் குவளை வெந்நீர் வலது காலுக்குத்தான். போன வருஷம் முதல் நிலத்திலும் இறங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மேடத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது நான் ஓரமாக நின்றிருந்தேன். பிறகு அன்வர் பாய் பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தேன். "உங்க காலு சார்..." என்றார். "அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க பாய்" என்றேன். அவர் விலகி இடம் கொடுத்தார். சுமை தோளில் இறங்கியதும் வலது கால் ஒரு தடவை ஆடி நின்றது. தலையைக் குனிந்து, கண்ணில் நீர் மறைக்க மறைக்க அதைப் பார்த்துக்கொண்டே வைத்தேன். பதினோரு அடி. அதற்குள் அடுத்தவர் வந்து வாங்கிக்கொண்டார்.

என்னிடம் அவருடையதாக இருப்பது இந்த நடை ஒன்றுதான். அதில் பதினோரு அடியை அவருக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சத்தை நாளைக் காலை அந்த அண்ணன் தம்பியின் வரப்பில் நடக்கப் போகிறேன்.