மந்திரிக்கு எலும்பு போட்ட செக்கிங் சார்

குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் செக்கிங் சார். லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவருடைய உத்தியோகம். கம்பி வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா என்று உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருவார். வேலை முடிந்தால் டார்ச்சை அணைக்கத் தெரியும். சோதனையை அணைக்கத் தெரியாது. ஓட்டலில் உட்காரும் முன் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார். தன் கல்யாணத்தன்றே மேடை ஏறும் முன்பு குனிந்து, அடியிலிருந்த போல்ட்டுகளைத் திருகிப் பார்த்தவர். மாப்பிள்ளை மோதிரத்தைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று உறவுக்காரர்களும் கூடவே குனிந்து தேடினார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி ஒரு நீச்சல் டீச்சர். தினமும் காலையில் சின்னப் பிள்ளைகளைக் குளத்துக்குள் இறக்கி, "கையை விடு, மிதப்ப" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். மனைவியின் வேலையை நினைத்தாலே செக்கிங் சாருக்கு உள்ளங்கை வியர்க்கும். அதனால் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நீச்சலைப் பற்றிப் பேசுவதில்லை.

நாய் வந்தது மச்சான் வழியாக. டீச்சரின் தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. வளர்த்த நாயை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போக வந்தான். பழுப்பு நிறம், தொங்கு காது, நடையில் ஒரு மிதப்பு. எதைக் கொடுத்தாலும் மென்று பார்க்காமல் விழுங்கிவிட்டு, அடுத்தது என்ன என்பதுபோல் பார்க்கும். அதனால்தான் மச்சான் அதற்கு மந்திரி என்று பெயர் வைத்திருந்தான்.

அன்று மதியச் சாப்பாட்டின்போது, பொரித்த கோழித் துண்டொன்றின் எலும்பை மச்சான் மேசைக்கு அடியில் நீட்டினான். ரொம்ப நாள் பழக்கமாம். சற்று நேரத்தில் மந்திரி முன்னங்காலால் வாயைப் பிறாண்ட ஆரம்பித்தது. எச்சில் ஒழுகியது. செக்கிங் சார் கையைக்கூடக் கழுவாமல் காரை எடுத்தார்.

நாய் டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்துவிட்டு, மேல் அண்ணத்தில் குறுக்காக மாட்டியிருந்த எலும்புச் சில்லை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார். ஊசி மாதிரி இருந்தது.

"சமைச்ச எலும்பு இப்படித்தான் சில்லு சில்லா உடையும். எந்தக் காலத்துலயும் குடுக்காதீங்க," என்றார். பிறகு பல்லைப் பார்த்து முகம் சுளித்தார். "பல்லுல காரை ஏறிப்போயிருக்கு. நான் சுத்தம் பண்ணி விடறேன். அப்புறம் வேணும்னா எப்பவாவது பச்சை எலும்பு குடுங்க, நல்லா சதையோட. சில டாக்டருங்க அதுவும் வேணாம்பாங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. குடுக்கறதா இருந்தா கவனமா குடுக்கணும்."

கவனம் என்ற சொல் செக்கிங் சார் காதில் விழுந்தது. அவ்வளவுதான், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். எந்த எலும்பு, எவ்வளவு பெரிசு, யார் பக்கத்தில் இருக்க வேண்டும், தரையை எதைக் கொண்டு துடைக்க வேண்டும். வெளியே வரிசையில் காத்திருந்த பூனை கூடைக்குள்ளேயே தூங்கிப்போயிற்று. டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். மாட்டின் கனமான கால் எலும்பு வேண்டாம், பல் உடையும். நாயின் வாயைவிடப் பெரிய துண்டாக இருக்க வேண்டும், அப்போதுதான் மென்று தின்னும். தின்று முடிக்கும்வரை ஆள் கூடவே இருக்க வேண்டும். மிச்சத்தை வைத்திருக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

மச்சான் கப்பலேறிப் போனான். மந்திரியின் பல் வெளுத்தது. ஒரு விடுமுறை நாளில் செக்கிங் சார் இறைச்சிக் கடைக்குப் போனார்.

"நாய்க்கா சார்? இந்தக் கால் எலும்பை எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் வச்சுக் கடிக்கும்," என்றார் கடைக்காரர்.

"அது வேணாம்ணே. பல்லு போயிடும்."

"அப்ப கழுத்து?" கடைக்காரர் ஒரு முழு ஆட்டுக் கழுத்தைத் தூக்கிக் காட்டினார்.

செக்கிங் சார் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். டாக்டரம்மா சொன்ன அளவு அதுதான். ஆனால் இத்தனை வருஷத் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது வேறு: பாரம் குறைந்தால் ஆபத்தும் குறையும். இவ்வளவு பெரியது தொண்டையில் போய் மாட்டிக்கொண்டால்? சின்னதாக இருந்தால் வம்பில்லையே என்று தானே ஒரு முடிவெடுத்து, ஒரு கோழிக் கழுத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

பால்கனியில் ஏற்பாடுகள் நடந்தன. தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. கையில் ரப்பர் உறை. கண்ணுக்கு, வேலைக்குப் போகும்போது போடுகிற கண்ணாடி. ஒரு கையில் இடுக்கி, இன்னொரு கையில் டார்ச். டீச்சர் தலை துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"நாய்க்குச் சாப்பாடு போடறீங்களா, வெடிகுண்டு எடுக்கறீங்களா?"

"நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

மந்திரி எலும்பை வாயில் வாங்கிக்கொண்டது. செக்கிங் சார் அதன் மூக்குக்கு நேராகக் குனிந்து டார்ச் அடித்தார். நாய் சற்றுத் திரும்பி உட்கார்ந்தது. இவரும் சுற்றிக்கொண்டு வந்து குனிந்தார். நாய் மறுபடி திரும்பியது. 'மொறுக்' என்று ஒரு சத்தம் கேட்டதுதான் தாமதம், இவர் பதறிப்போனார். இடுக்கியை நீட்டிவிட்டார். மந்திரி ஒரு கணம் இடுக்கியைப் பார்த்தது, ஒரு கணம் அவரைப் பார்த்தது. 'மடக்' என்று முழுசாக விழுங்கிவிட்டது.

செக்கிங் சார் அதன் வாயைப் பிளந்து உள்ளே டார்ச் அடித்தார். மந்திரி, கேட்டால் காட்ட வேண்டியதுதானே என்பதுபோல் பொறுமையாகக் காட்டியது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. போனை எடுத்தார்.

"மூச்சு விட சிரமப்படுதா? வாந்தி எடுத்துச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்ல டாக்டர். வாலை ஆட்டிக்கிட்டு இன்னொண்ணு கேக்குது."

"பச்சை எலும்புங்கறதால பெரும்பாலும் கரைஞ்சிடும். ஆனா கண்ணு வச்சுக்கிட்டே இருங்க. வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாம சுருண்டு படுத்தாலோ, முக்கினாலோ, உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

அவரிடம் போய்க் கண் வைக்கச் சொன்னால் கேட்கவும் வேண்டுமா? மறுநாள் லீவு போட்டார். மந்திரி போன இடமெல்லாம் பின்னாலேயே போனார். அது பூங்காவில் மரத்தடியில் நின்றால் இவரும் நின்றார். அது பின்னங்காலை மடக்கினால் இவரும் குனிந்தார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கொஞ்சம் ஒதுங்கியே போனார்கள்.

கடைசியில் நீச்சல் குளத்து அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. வகுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட டீச்சர் ஓடி வந்து எடுத்தார்.

"வந்துடுச்சு," என்றார் செக்கிங் சார்.

"யாரு வந்தா?"

"யாரும் வரல. மந்திரிக்கு. நல்லபடியா வந்துடுச்சு. சில்லு கில்லு ஒண்ணும் இல்ல. நான் குச்சியால கிளறியே பாத்துட்டேன்."

"இதைச் சொல்லவா என்னைத் தண்ணியிலேர்ந்து ஏத்துனீங்க?"

அன்று சாயங்காலம் இருவருமாக நாயை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா அதன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல," என்றார். பிறகு நடந்ததை முழுதாகக் கேட்டார். இடுக்கி வந்த இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சார், ரெண்டு தப்பு. சின்ன துண்டு வாங்குனது ஒண்ணு. பெருசு பயமுறுத்தும், ஆனா சின்னதுதான் தொண்டையில மாட்டிக்கும். இன்னொண்ணு, நீங்க. தட்டுக்கு மேல ஒருத்தர் இடுக்கியோட நின்னா நாமளும்தான் மெல்லாம முழுங்குவோம்."

இருவரும் நாயோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். வழியில் செக்கிங் சாருக்குச் சுருக்கென்றிருந்தது. சோதனைக்காக அவர் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் லிஃப்ட் ஆட்கள் சூடான டீயை அப்படியே தொண்டைக்குள் கவிழ்த்துவிட்டு எழுந்து நிற்பார்கள். மரியாதை என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். எத்தனை பேர் நாக்கு வெந்ததோ.

"என்னைப் பாத்தா அதுக்குப் பயமாம்மா?" என்றார்.

"உங்களைப் பாத்து இல்ல. எலும்பு போயிடுமேன்னு பயம்," என்றார் டீச்சர். "குளத்துல நான் பிள்ளைங்களையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னா ஒண்ணுகூட மிதக்காது. கண்ணு அவங்க மேலதான் இருக்கும். ஆனா நான் வேற எதையோ பாக்கற மாதிரி நிப்பேன்."

அடுத்த முறை கடையிலிருந்து பெரிய துண்டுதான் வந்தது, மந்திரியின் முகத்தைவிடப் பெரிய ஆட்டுக் கழுத்து. ஃப்ரிட்ஜில் தனி டப்பாவில் இருந்து, நேராகப் பால்கனிக்கு வந்தது. எலும்பை வைத்துவிட்டு டீச்சர் கணவரின் தோளைப் பிடித்து, கதவோரம் இருந்த முக்காலியில், பக்கவாட்டாகத் திருப்பி உட்கார வைத்தார். கண்ணாடியையும் இடுக்கியையும் பிடுங்கிக்கொண்டு, ஒரு அவித்த முட்டையைக் கையில் கொடுத்தார்.

"இது எதுக்கு?"

"எலும்பைத் திருப்பி வாங்கறதுக்கு. பறிக்கக் கூடாது, மாத்திக்கணும்."

மந்திரி முதலில் நம்பவில்லை. எலும்பைக் கவ்விக்கொண்டு மூலைக்குப் போய் அவரை ஓரக்கண்ணால் பார்த்தது. அவரும் ஓரக்கண்ணால் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளை மும்முரமாக ஆராய்வதுபோல் பாவனை செய்தார். மெதுவாக நாய் படுத்தது. இரண்டு பாதங்களுக்கு நடுவில் எலும்பை நிறுத்திக்கொண்டு, சதையைக் கிழித்து, கடைவாயில் கொடுத்து மெல்ல ஆரம்பித்தது. 'மொறுக்' சத்தம் வந்தபோது செக்கிங் சார் முட்டையை இறுக்கிப் பிடித்தார். எழுந்திருக்கவில்லை.

துண்டு சிறுத்து, விழுங்கலாம் என்ற அளவுக்கு வந்ததும் முட்டையை நீட்டினார். கொஞ்சம் நசுங்கித்தான் இருந்தது. மந்திரி எலும்பைக் கீழே வைத்துவிட்டு முட்டைக்கு வந்தது. அவர் எலும்பை எடுத்துக் குப்பைக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. விரிப்பைச் சோப்புப் போட்டு, டைல்ஸைக் கொதிநீர் ஊற்றி, முக்காலியின் காலைக்கூட விடாமல் கழுவினார். மந்திரியின் மோவாயையும் பாதங்களையும் துடைத்தார். முழங்கை வரை கைகழுவினார். பச்சை இறைச்சியிலிருக்கும் கிருமி நாயைவிட மனிதரைத்தான் படுத்தும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது அவருக்குப் பெரிய ஆறுதல். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் இவ்வளவு கழுவியும் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. டீச்சர் மட்டும், "கையில தோல் இருக்கட்டும்," என்றார்.

விடுமுறை நாட்களில் அது வழக்கமாயிற்று. மந்திரி மெல்லும், அவர் முக்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்திருப்பார். வேலையிடத்திலும், நுழையும் முன்பு கதவுக்கு வெளியே நின்று தொண்டையைக் கனைக்கப் பழகினார். ஆட்கள் டீயைக் குடித்து முடித்தார்கள்.

மச்சான் விடுப்பில் வந்தபோது நாயை அழைத்துக்கொண்டு போவதாகத்தான் பேச்சு. செக்கிங் சார் மறுப்புச் சொல்லவில்லை. "உன் நாய். தாராளமா கூட்டிட்டுப் போ," என்றார். பிறகு, "எலும்பு போடறதை மட்டும் ஒரு தடவை பாத்துடலாம்," என்று அவனை முக்காலியில் உட்கார வைத்தார்.

மச்சான் சிறிது நேரம் ஒழுங்காகத்தான் இருந்தான். அப்புறம் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான், சிரித்தான், பதில் எழுத ஆரம்பித்தான். மந்திரி துண்டைச் சுருக்கிக்கொண்டே போனது. செக்கிங் சார் ஓசைப்படாமல் வந்து முட்டையைக் காட்டி எலும்பை வாங்கிக்கொண்டார்.

"என்ன மாமா?"

"பெயில்."

"ஒரு நிமிஷம்தான் போனைப் பாத்தேன்."

"அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்டா இந்த முக்காலி."

மச்சான் அக்காவைப் பார்த்தான். டீச்சர் எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்கியதில் உதடு மட்டும் துடித்தது. மச்சானுக்குப் புரிந்துவிட்டது. எப்படியும் திரும்பக் கப்பலுக்குப் போக வேண்டியவன்தான் அவனும்.

"சரி மாமா. அடுத்த விடுப்புக்கு மறுபடி எழுதிப் பாக்கறேன்," என்றான்.

"படிச்சுட்டு வா," என்றார் செக்கிங் சார். குனிந்து மந்திரியின் மோவாயைத் துடைக்க ஆரம்பித்தார். மந்திரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நன்றாகத் தூக்கிக் கொடுத்தது.